நெடுந்தீவுக் கோட்டையைத் திரைக்குக் கொண்டுவருதல்: லேசர் புள்ளிமுகிலுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

நெடுந்தீவு வைத்தியசாலைக்குப் பக்கத்தில், கடற்கரையை ஒட்டி நிற்கும் பழைய கோட்டையை அளவுநாடா பிடித்து வரைந்து முடிப்பது பெரும்பாடு. கூரை போய்விட்டது, மேற்தளம் இடிந்துவிட்டது. சுவர் முழுக்க முருகைக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். ஓரிடத்தில் இருக்கும் சுவர்க் கனம் பத்தடி தள்ளி இருக்காது. மூலை மட்டம் வைத்துப் பார்த்தால் எந்த மூலையும் சொன்ன சொல் கேட்காது. இப்படிப்பட்ட கட்டடங்களுக்குத்தான் லேசர் ஸ்கேனர் வரப்பிரசாதம். முக்காலியில் நிறுத்தினால் சுற்றிச் சுழன்று, கண்ணுக்குத் தெரியும் ஒவ்வொரு கல்லின் மேற்பரப்பையும் புள்ளி புள்ளியாக அளந்து தந்துவிடும்.

சிக்கல் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. ஸ்கேன் எடுத்தவர் ஒரு பென்டிரைவைக் கையில் தந்துவிட்டுப் போவார். அதை ரெவிட், ஆர்க்கிகாட் போன்ற வரைகலை மென்பொருளில் திறக்கப் போனால் கணினி உறைந்துபோகும். இல்லாவிட்டால் திரையில் ஒன்றுமே தெரியாது. தெரிந்தாலும் புகை மூட்டம் போல ஒரு குழப்பம். இந்த வழிகாட்டி அந்த இடத்தில் நிற்பவர்களுக்கு: கட்டடக்கலை மாணவர்கள், படவரைஞர்கள், ஊர்ப் பழங்கட்டடங்களைப் பதிவுசெய்ய விரும்புகிறவர்கள். கோட்டையின் ஸ்கேன் கோப்பு உங்கள் கையில் இருப்பதாக வைத்துக்கொண்டு, முதலிலிருந்து போவோம்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். இருக்கிற எல்லாப் புள்ளிகளையும் ஒரே நேரத்தில் காட்டப் பார்ப்பதுதான் புதியவர்களின் பொது வழக்கம். அனுபவப்பட்டவர்கள் எதை மறைப்பது என்று முதலில் பார்ப்பார்கள். கீழே வரும் படிகளில் பலவும் மறைக்கும் வேலைதான்.

புள்ளிமுகில் என்றால் என்ன?

பாயின்ட் கிளவுட் எனப்படும் புள்ளிமுகில் ஒரு நீண்ட பட்டியல், அவ்வளவே. ஒவ்வொரு வரியிலும் ஒரு புள்ளியின் கிழக்கு, வடக்கு, உயரம் என்ற 3 எண்கள். கூடவே லேசர் ஒளி எவ்வளவு பலமாகத் திரும்பி வந்தது என்ற செறிவு எண். ஸ்கேனரில் கமரா இருந்தால் நிறத்துக்கு இன்னும் 3 எண்கள். சுவர், கதவு, தூண் என்று எதுவும் அதற்குத் தெரியாது.

பட்டியல் எவ்வளவு நீளம்? 2016இல் அறிமுகமான லைக்கா பி.எல்.கே.360 என்ற சிறிய ஸ்கேனர் செக்கனுக்கு 360,000 புள்ளிகள் வரை அளக்கும். 5 நிமிடத்துக்குள் 10 கோடி புள்ளிகள். பரவலாகப் பயன்படும் எல்.ஏ.எஸ். கோப்பில் நிறத்தோடு ஒரு புள்ளிக்கு 26 பைட். ஆகவே 10 கோடி புள்ளிகளுக்கு 2.6 ஜிகாபைட். ஒரு கோட்டையை உள்ளும் புறமும் பல நிலையங்களிலிருந்து ஸ்கேன் செய்தால் கணக்கு எங்கே போகும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

இத்தனை புள்ளிகளையும் மென்பொருள் ஒரேயடியாக நினைவகத்தில் ஏற்றுவதில்லை. முழு இடத்தையும் ஒரு பெட்டியாக எடுத்து 8 பெட்டிகளாகப் பிரிக்கும். ஒவ்வொன்றையும் மறுபடி 8 ஆக. இந்த ஒழுங்குக்கு ஆக்ட்ரீ என்று பெயர். தூரத்திலிருந்து பார்க்கும்போது ஐதான புள்ளிகள் மட்டும் வரும். கிட்டப் போனால் அந்தப் பெட்டிக்குரிய மிச்சப் புள்ளிகள் வட்டிலிருந்து வந்து நிரம்பும். எனவே தூரப் பார்வையில் சுவர் ஓட்டை ஓட்டையாகத் தெரிந்தால் பதறாதீர்கள். கோப்பைப் பென்டிரைவில் வைத்தே திறக்காதீர்கள். கணினிக்குள் இருக்கும் எஸ்.எஸ்.டி. வட்டுக்கு மாற்றிவிட்டுத் திறந்தால் வேகம் உடனே தெரியும்.

தொடங்குமுன்: என்ன வரைபடம் வேண்டும்?

1:50 அளவில் தரைப்படமா, 1:100இல் முகப்புப் படமா, 1:20இல் ஒரு வாசலின் விவரமா? இதற்கு விடை தெரியாமல் கோப்பைத் தொட வேண்டாம்.

காரணம் எளிது. தாளில் 0.25 மில்லிமீற்றர் தடிப்புள்ள ஒரு கோடு 1:50 படத்தில் உண்மையில் 12.5 மில்லிமீற்றரைக் குறிக்கும். ஆகவே அந்தப் படத்துக்குச் சென்ரிமீற்றருக்கு ஒரு புள்ளி போதும். 1:100க்கு 2 சென்ரிமீற்றர் இடைவெளி தாராளம். 1:20க்கு 5 மில்லிமீற்றர் வேண்டும். இடைவெளியைப் பாதியாக்கினால் புள்ளிகள் 4 மடங்காகும்: 1 சதுர மீற்றர் சுவரில் 2 சென்ரிமீற்றருக்கு 2,500 புள்ளிகள், 1 சென்ரிமீற்றருக்கு 10,000, 5 மில்லிமீற்றருக்கு 40,000. தேவைக்கு மேல் நெருக்கமாக வைத்துக்கொள்வதால் கணினி தவிக்கும், படம் அழகாகிவிடாது.

ஒரு விதிவிலக்கு உண்டு. நெடுந்தீவுக் கோட்டைச் சுவரில் பூச்சு உதிர்ந்த இடங்களில் கிட்டப் போய்ப் பாருங்கள். சில கற்களில் மூளைப் பவளத்தின் வளைந்து நெளியும் பள்ளங்கள் அப்படியே இருக்கின்றன, சில மில்லிமீற்றர் அகலத்தில். 1 சென்ரிமீற்றர் இடைவெளிப் புள்ளிகளில் அந்தக் கோலம் அடியோடு காணாமற்போகும். கல்லின் தன்மையைப் பதிவுசெய்ய வேண்டுமானால் புள்ளிகளைக் கூட்டிக்கொண்டு போகாமல் நல்ல நிழற்படம் எடுத்துச் சுவர்ப்படத்தோடு இணையுங்கள். அதற்கு அதுதான் சரியான கருவி.

படி 1: கையில் இருப்பது எந்தக் கோப்பு?

கோப்பின் பெயருக்குப் பின்னால் வரும் எழுத்துகளைப் பாருங்கள். இ57 என்றால் நல்லது. எந்த நிறுவனத்துக்கும் கட்டுப்படாத பொதுத் தரம் அது; நிறம், செறிவு, ஸ்கேனர் நின்ற இடம் எல்லாம் அதற்குள் இருக்கும். எல்.ஏ.எஸ். நில அளவையாளர்கள் வழக்கில் வந்தது. அதன் சுருக்கிய வடிவம் எல்.ஏ.இசட். எக்ஸ்.வை.இசட். வெறும் எழுத்துக் கோப்பு, எதிலும் திறக்கும், ஆனால் பருமன் கூட.

ஆர்.சி.பி., ஆர்.சி.எஸ். இரண்டும் ஓட்டோடெஸ்க் நிறுவனத்தின் ரீகேப் மென்பொருளிலிருந்து வருபவை. இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். புள்ளிகள் இருப்பது ஆர்.சி.எஸ். கோப்புகளில். ஆர்.சி.பி. வெறும் திட்டக் கோப்பு, எந்தெந்த ஆர்.சி.எஸ். எங்கே இருக்கிறது என்ற குறிப்பு மட்டும் அதில் இருக்கும். அதை மட்டும் மின்னஞ்சலில் அனுப்பினால் வாங்கியவருக்குக் கிடைப்பது வெறும் உறை. முழுக் கோப்புறையையும் கேட்டு வாங்குங்கள். முடிந்தால் இ57 பிரதி ஒன்றையும் சேர்த்துக் கேளுங்கள்.

ஸ்கேனருக்கு வழியில்லாதவர்கள் 2020இலிருந்து ஐபோன் புரோ வகைகளிலும் ஐபாட் புரோவிலும் இருக்கும் லைடார் என்ற லேசர் உணரியைப் பயன்படுத்திப் பழகலாம். அதன் எட்டுத்தூரம் ஏறத்தாழ 5 மீற்றர்தான். தீவின் கல்வேலி ஒன்றைப் பிடிக்கப் போதும், கோட்டையின் உயரமான சுவருக்குப் போதாது.

படி 2: கிளவுட்கம்பேரில் திறந்து துப்புரவு செய்யுங்கள்

வரைகலை மென்பொருளுக்குப் போகுமுன் கிளவுட்கம்பேர் என்ற இலவச மென்பொருளை நிறுவிக்கொள்ளுங்கள். இ57, எல்.ஏ.எஸ்., எக்ஸ்.வை.இசட். எல்லாம் அதில் திறக்கும். நிறமில்லாத முகிலாக இருந்தால் டிஸ்பிளே பட்டியலில் இ.டி.எல். என்ற ஒளிநிழல் வடிகட்டியைப் போடுங்கள். அதுவரை தட்டையாகக் கிடந்த சாம்பல் நிறக் குவியலில் கல்லும் வாசலும் விளிம்பும் துலங்கும்.

பிறகு கத்தரிக்கோல் படமுள்ள செக்மென்ட் கருவியால் வேண்டாதவற்றை வெட்டுங்கள். நெடுந்தீவில் வேண்டாதவை நிறைய வரும். சுவரில் வேர்விட்ட செடிகள், சுற்றியுள்ள பனைகள், பார்க்க வந்தவர்கள், நடுவே மேய்ந்துபோகும் மாடுகள். ஸ்கேனர் சுழலும்போது நடந்துபோன ஒருவர் பாதி உடம்போடு, கீற்றுக் கீற்றாகப் பதிவாகியிருப்பார். தீவின் குதிரைகள் அந்தப் பக்கம் வந்தால் அவற்றுக்கும் அதே கதி. காற்றில் ஆடும் ஓலை ஒவ்வொரு ஸ்கேனிலும் ஒவ்வோர் இடத்தில் இருப்பதால் மரத்தைச் சுற்றித் தூசிமண்டலம் தெரியும். கையால் வெட்டியது போக மிஞ்சும் தனிப்புள்ளிகளுக்கு எஸ்.ஓ.ஆர். என்ற வடிகட்டி இருக்கிறது. அக்கம்பக்கத்துப் புள்ளிகளிலிருந்து விலகி நிற்பவற்றை அது அகற்றும்.

அதைக் கண்மூடிப் போடாதீர்கள். முருகைக்கல் துளை துளையானது. உடைந்த சுவரின் மேல்விளிம்பில் புள்ளிகள் இயல்பாகவே ஐது. கடுமையாக வடிகட்டினால் அந்த விளிம்பு மழுங்கிப்போகும். இடிபாட்டில் பதிவுசெய்ய வேண்டியதே அந்த விளிம்பைத்தான். மூலக் கோப்பைத் தொடாமல் பிரதியில் மட்டும் வேலை செய்யுங்கள்.

முகிலில் கறுப்பு ஓட்டைகள் இருந்தால் அது மென்பொருளின் பிழையல்ல. லேசர் நேர்கோட்டில் போகும். ஸ்கேனர் காணாததை அது அளக்காது. தீவிலுள்ள பழைய புறாக்கூட்டைத் தரையில் நின்று ஸ்கேன் செய்தால் மேல்வரிசைப் பொந்துகளின் அடித்தளம் ஒருநாளும் வராது. அந்த இடங்களை ஊகித்து நிரப்பாதீர்கள். வரைபடத்தில் புள்ளிக்கோடு போட்டு, அளக்கப்படவில்லை என்று எழுதிவிடுங்கள்.

படி 3: பெரிய எண்களைச் சிறிதாக்குங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் பிறகு அதிகம் கஷ்டப்படுகிறார்கள். கொஞ்சம் நிதானமாக வாசியுங்கள்.

ஸ்கேனை நில அளவைப் புள்ளிகளோடு இணைத்திருந்தால், அது பெரும்பாலும் இலங்கையின் எஸ்.எல்.டி.99 ஆள்கூற்று முறையில் இருக்கும். இந்த முறையின் மையம் பிதுருதலாகலை மலை. அங்கே கிழக்கு 500,000 மீற்றர், வடக்கு 500,000 மீற்றர் என்று வைத்திருக்கிறார்கள். அதன்படி நெடுந்தீவின் வடகரை ஏறத்தாழ கிழக்கு 380,000, வடக்கு 780,000 என்ற எண்களுக்கு அருகே விழும். கோப்பில் இதைவிடக் கிட்டத்தட்ட 3 இலட்சம் குறைவாக, 80,000 என்றும் 480,000 என்றும் கண்டால் அது பழைய கண்டவளை முறை. வடக்கு எண் 10 இலட்சத்தைத் தாண்டியிருந்தால் யூ.டி.எம். 44ஆம் வலயம். எண்களை ஒருமுறை பார்த்தாலே கோப்பு எந்த முறையில் வந்தது என்று சொல்லிவிடலாம். ஸ்கேன் எடுத்தவரைத் தேடி அலைய வேண்டியதில்லை.

இந்தப் பெரிய எண்கள் ஏன் தொல்லை? திரையில் வரையும் பகுதி பெரும்பாலும் 32 பிட் தசம எண்களில் கணக்குப் போடும். அந்த வகை எண்ணுக்கு 524,288க்கும் 1,048,576க்கும் இடையில் இருக்கும் மிகச் சிறிய படி 1/16. மீற்றரில் சொன்னால் 6.25 சென்ரிமீற்றர். ஸ்கேனர் மில்லிமீற்றர் கணக்கில் அளந்து தந்தது, வடக்கு 780,000 என்ற எண்ணோடு திரைக்கு வரும்போது 6.25 சென்ரிமீற்றர் படிகளில் ஒட்டிக்கொள்ளும். கிழக்குத் திசையில் எண் சிறிது என்பதால் படி 3.125 சென்ரிமீற்றர். சுவர் வரிக்குதிரை போல வரி வரியாகத் தெரிந்தால் நோய் இதுதான்.

ரெவிட்டுக்கு இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. அதன் உள் மையப்புள்ளியிலிருந்து 16 கிலோமீற்றருக்கு, அதாவது 10 மைலுக்கு அப்பால் வேலை செய்யக்கூடாது. 780 கிலோமீற்றர் தள்ளிக் கொண்டுபோய் வைத்தால் அது எப்படி ஒத்துழைக்கும்?

மருந்து சுலபம். கிளவுட்கம்பேரில் திறக்கும்போதே குளோபல் ஷிப்ட் என்ற பெட்டி வந்து, எவ்வளவு கழிக்கட்டும் என்று கேட்கும். அது தானாகத் தரும் எண்ணை ஏற்காமல் நீங்களே முழு எண்ணாகக் கொடுங்கள்: கிழக்கில் −380,000, வடக்கில் −780,000, உயரத்தில் 0. முழு எண்தான் நாளைக்கு நினைவில் நிற்கும், கூட்டிக் கழிக்கவும் இலகு.

இங்கே ஒரு கண்ணி. கழித்த தொகையைக் கிளவுட்கம்பேர் மனதில் வைத்திருந்து, எல்.ஏ.எஸ். அல்லது இ57 ஆகச் சேமிக்கும்போது திரும்பக் கூட்டிவிடும். ரெவிட்டுக்குப் போகும் பிரதியில் சிறிய எண்கள்தான் இருக்க வேண்டுமென்றால், எடிட் பட்டியலில் குளோபல் ஷிப்டைத் திறந்து அந்தத் தொகையைப் பூச்சியமாக்கிவிட்டுச் சேமியுங்கள். கழித்த எண்களை ஓர் எழுத்துக் கோப்பில் எழுதி அதே கோப்புறையில் போடுங்கள். கோப்பின் பெயரிலேயே சேர்த்துவிட்டால் இன்னும் நல்லது.

படி 4: கோட்டை கடலுக்கு அடியில் போய்விட்டதா?

ஜி.பி.எஸ். நேரடியாகத் தரும் உயரம் கடல்மட்டத்திலிருந்து அளந்ததல்ல. பூமியைக் குறிக்கும் கணித நீள்கோளத்திலிருந்து அளந்தது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பல நாடுகளில் 20, 30 மீற்றர். நமது பக்கம் அப்படியில்லை. உலகத்திலேயே ஆகத் தாழ்ந்த ஈர்ப்புப் பள்ளம் இலங்கைக்குத் தெற்கே இந்து சமுத்திரத்தில் இருக்கிறது. அங்கே வித்தியாசம் 100 மீற்றரைத் தாண்டும். நெடுந்தீவிலும் அது ஏறத்தாழ 90 மீற்றரளவு வரும். ஆகவே கடற்கரையில் நிற்கும் கோட்டையின் தரை, திருத்தப்படாத கோப்பில், கடலுக்கு 90 மீற்றர் அடியில் கிடப்பதாகத் தெரியும்.

கோட்டை எங்கும் போய்விடவில்லை. ஆனால் ரெவிட்டில் தரைத்தளப் படத்தைத் திறந்தால் ஒரு புள்ளிகூடத் தெரியாது. அந்தப் படம் காட்டும் உயரவீச்சுக்கு வெகு கீழே முகில் இருக்கிறது. பழுதென்று நினைத்து மென்பொருளை அழித்து மறுபடி நிறுவுகிறவர்கள் உண்டு. வாசற்படியில் ஒரு புள்ளியைச் சொடுக்கி உயரத்தைப் பாருங்கள். எண் தப்பாக இருந்தால், அருகே உள்ள நில அளவை உயரக் குறியோடு ஒப்பிட்டு முழு முகிலையும் நகர்த்துங்கள். குறி இல்லாவிட்டால் பழைய வாசற்படி ஒன்றை 0 என்று வைத்து, அப்படி வைத்ததைப் படத்தில் எழுதுங்கள்.

படி 5: ஐதாக்கிச் சேமியுங்கள்

எடிட் பட்டியலில் சப்சாம்பிள் என்பதைத் தெரிவு செய்து, ஸ்பேஸ் முறையில் 0.01 என்று கொடுங்கள். 1 சென்ரிமீற்றருக்கு ஒரு புள்ளி மிஞ்சும். ரேன்டம் முறை வேண்டாம். ஸ்கேனருக்குக் கிட்ட இருந்த சுவர்த்துண்டில் புள்ளிகள் மண்டிக் கிடக்கும், தூரச் சுவரில் ஐதாக இருக்கும். ரேன்டம் அந்த ஏற்றத்தாழ்வை அப்படியே விட்டுவைக்கும்.

கோட்டையை ஒரே கோப்பாக வைத்திராமல் வெளிச்சுவர், உள்ளறைகள், சுற்றுநிலம் என்று பிரித்துச் சேமித்தால் பிறகு வேண்டியதை மட்டும் ஏற்றலாம்.

படி 6: வரைகலை மென்பொருளுக்குள் கொண்டுபோதல்

ரெவிட், ஓட்டோகாட் இரண்டும் ரீகேப் கோப்பைத்தான் ஏற்கும். எனவே சுத்தம் செய்த இ57ஐ முதலில் ரீகேப்பில் ஏற்றி ஆர்.சி.பி. ஆக்குங்கள். மாணவர்களுக்கு ஓட்டோடெஸ்க் கல்வி உரிமம் இலவசமாகக் கிடைக்கிறது. ரெவிட்டில் இன்சர்ட் தாவலில் பாயின்ட் கிளவுட்டைச் சொடுக்கி, பொசிஷனிங் என்ற இடத்தில் ஒரிஜின் டு இன்டர்னல் ஒரிஜின் தெரிவு செய்யுங்கள். எண்களை ஏற்கெனவே சிறிதாக்கிவிட்டதால் முகில் ஒழுங்காக வந்து உட்காரும். உட்கார்ந்ததும் முதல் வேலை பின் போட்டுப் பூட்டுவது. கைதவறி ஒரு மில்லிமீற்றர் நகர்ந்தாலும் அதன்மேல் வரைந்ததெல்லாம் வீண். உண்மையான ஆள்கூறுகள் தேவைப்பட்டால், கழித்து வைத்த 380,000, 780,000 என்ற எண்களை சர்வே பாயின்டில் கொடுத்துக்கொள்ளலாம்.

ஓட்டோகாட்டில் இன்சர்ட் தாவலில் அட்டாச். இணைக்குமுன் வரைபட அலகைப் பாருங்கள்.

ஆர்க்கிகாட் 2015இல் வந்த 19ஆம் பதிப்பிலிருந்தே இ57ஐயும் எக்ஸ்.வை.இசட்.ஐயும் நேரடியாக ஏற்கிறது. ஃபைல் பட்டியலில் இன்டரொப்பரபிலிட்டி, அதற்குள் இம்போர்ட் பாயின்ட் கிளவுட். முகில் ஒரு நூலகப் பொருளாக மாறி வரும், அதை மற்றப் பொருள்களைப் போல இடத்தில் வைக்க வேண்டும். ஸ்கெட்ச்அப்பில் ஸ்கேன் எசென்ஷியல்ஸ் என்ற நீட்சி வேண்டும்; ஸ்டூடியோ சந்தாவோடு அது வருகிறது.

எதற்கும் காசில்லை என்றால்? கிளவுட்கம்பேரிலேயே கிராஸ் செக்ஷன் கருவியால் சுவரின் குறுக்குவெட்டுக் கோட்டை எடுத்து டி.எக்ஸ்.எஃப். ஆகச் சேமிக்கலாம். அந்தக் கோப்பு எந்த வரைகலை மென்பொருளிலும் திறக்கும். சொல்லப்போனால், ஒரு தரைப்படமும் இரண்டு வெட்டுப்படமும் மட்டுமே தேவைப்படுகிறவருக்கு இந்த வழியே போதும். பெரிய மென்பொருளுக்கு முகிலைக் கொண்டுபோகும் அவசியமே இல்லை.

எந்த மென்பொருளானாலும், ஏற்றியவுடன் ஒரு வாசலின் அகலத்தை முகிலில் அளந்து, நேரில் நாடாவால் அளந்ததோடு ஒப்பிடுங்கள். 1,000 மடங்கு வித்தியாசம் வந்தால் மீற்றரும் மில்லிமீற்றரும் மாறிவிட்டன. 0.3048 வந்தால் அடிக்கணக்கு எங்கோ நுழைந்திருக்கிறது. நமது மேசன்மாரும் ஓவசியர்மாரும் இன்னும் அடியிலேயே பேசுவதால் இது அடிக்கடி நடக்கும்.

படி 7: வெட்டிப் பாருங்கள்

முகிலுக்கு மேற்பரப்பு கிடையாது, புள்ளிகளும் இடைவெளிகளும்தான். ஆகவே முன்சுவர் பின்சுவரை மறைக்காது. கோட்டையின் கடற்பக்க முகப்பைத் திறந்தால் பின்னால் உள்ள அறைச் சுவர்களும் அதற்கப்பால் நிற்கும் பனைகளும் ஊடாகத் தெரிந்து எல்லாம் ஒன்றாகக் கலந்துவிடும். நிறத்தை மாற்றினாலும் புள்ளியைப் பெரிதாக்கினாலும் இது தீராது. ஆழத்தைக் குறைத்தால்தான் தீரும். ரெவிட்டில் முகப்புப் படத்தின் ஃபார் கிளிப் தூரத்தைச் சுவரின் கனத்துக்குச் சற்றுக் கூடுதலாக மட்டும் வையுங்கள்.

தரைப்படத்துக்கு 3டி பார்வையில் செக்ஷன் பொக்ஸைப் போட்டு, தரையிலிருந்து 1.2 மீற்றர் உயரத்தில் 10 சென்ரிமீற்றர் தடிப்புள்ள ஒரு தட்டை மட்டும் மிச்சம் வைத்து மேலிருந்து பாருங்கள். சுவரின் உள்முகமும் வெளிமுகமும் இரண்டு கோடுகளாகத் துலங்கி நிற்கும். அதே தட்டை இன்னொரு 2 மீற்றர் மேலே நகர்த்துங்கள். கோடுகள் முன்பு இருந்த இடத்தில் இல்லாவிட்டால் சுவர் சாய்ந்திருக்கிறது. எவ்வளவு சாய்வு என்று அங்கேயே அளந்துவிடலாம். ஆர்க்கிகாட்டில் மார்க்கீயும் 3டி கட்டிங் பிளேனும் இதே வேலையைச் செய்யும்.

நீங்கள் வரைந்த சுவருக்குப் பின்னால் புள்ளிகள் ஒளிந்துகொண்டால் வயர்ஃபிரேம் பாணிக்கு மாறுங்கள்.

படி 8: நிறம் ஓர் அளவுகோல்

ரெவிட்டில் விசிபிலிட்டி கிராஃபிக்ஸ் பெட்டியில் பாயின்ட் கிளவுட்ஸ் தாவலைத் திறந்தால் நிற முறைகள் இருக்கும். ஓட்டோகாட்டிலும் இவை உண்டு. கமரா நிறத்திலேயே எப்போதும் நிற்க வேண்டியதில்லை. எலிவேஷன் முறை உயரத்துக்கு ஏற்ப நிறம் மாற்றும். தரையில் குவிந்த இடிபாடு எங்கே உயர்ந்து எங்கே தாழ்ந்திருக்கிறது என்று தெரியும். நோர்மல் முறை மேற்பரப்பு எந்தத் திசையைப் பார்க்கிறது என்பதைக் காட்டும்; வெளியே பிதுங்கிய சுவர்ப்பகுதி தனி நிறத்தில் கிளம்பும்.

எனக்கு மிகப் பிடித்தது செறிவு முறை. 1,550 நானோமீற்றர் அலைநீளத்தில் இயங்கும் ஸ்கேனர் என்றால் ஈரம் அந்த ஒளியை விழுங்கிவிடும். சுவரின் அடியில் உப்புநீர் எவ்வளவு உயரம் ஏறியிருக்கிறது என்பது இருண்ட பட்டையாகத் தெரியும்; கண்ணுக்கும் கமராவுக்கும் தட்டுப்படாத ஈரமும் அதில் வரும். கட்டடப் பாதுகாப்பு வேலை செய்யப் போகிறவருக்கு, ஸ்கேன் எடுக்க இந்த ஒரு படமே போதிய காரணம். பழைய பூச்சும் வெறும் கல்லும்கூட வேறு வேறு சாயலில் பிரிந்து தெரிவதுண்டு.

சுவரை நேராக்காதீர்கள்

வரைகலை மென்பொருளின் சுவர்க் கருவி புதுக் கட்டடத்துக்காகச் செய்யப்பட்டது. இரண்டு புள்ளியைச் சொடுக்கினால் நேராக, ஒரே கனத்தில், செங்குத்தாக ஒரு சுவரை எழுப்பித் தரும். ரெவிட் 2021இலிருந்து சாய்ந்த சுவரும் 2022இலிருந்து மேலே மெலியும் சுவரும் வரைய முடிகிறது. ஆனாலும் முருகைக்கல்லை அடுக்கிக் கட்டிய, பாதி விழுந்த சுவருக்கு அவை காணாது. படத்தைச் சீக்கிரம் முடிக்க வேண்டுமென்று முகிலுக்கு நடுவே சராசரியாக ஒரு நேர்ச்சுவரை இழுத்துவிட்டால், ஸ்கேன் எடுத்த செலவெல்லாம் கடலில் கொட்டியதுதான்.

எனது யோசனை: மொடல் வேண்டுமென்றால் நேர்ச்சுவர் வரையுங்கள், ஆனால் முகிலை அதனோடு சேர்த்தே காட்டுங்கள், எங்கே எத்தனை சென்ரிமீற்றர் விலகல் என்று குறியுங்கள். தீவின் கல்வேலிகளுக்கோ சுவர்க் கருவியே வேண்டாம். சாந்தில்லாமல் கல்லின்மேல் கல் வைத்த வேலிக்கு இருபுறமும் ஸ்கேன் எடுத்து, மீற்றருக்கு ஒரு குறுக்குவெட்டு வரைந்தால் அது உண்மையான பதிவாக இருக்கும்.

இதன் பயன் வெறும் படிப்பு அல்ல. பாரிஸ் நோத்ர்தாம் தேவாலயத்தை அன்ட்ரூ டாலன் என்ற கலை வரலாற்றாசிரியர் லேசரால் நூறு கோடிக்கு மேற்பட்ட புள்ளிகளாகப் பதிவுசெய்து வைத்திருந்தார். 2019 ஏப்ரல் 15ஆம் திகதி கூரை எரிந்தபோது அவர் உயிரோடு இல்லை, ஆனால் அந்தப் பதிவு இருந்தது. குஜராத்தின் ராணி கி வாவ் படிக்கிணற்றை ஸ்கொட்லாந்துக் குழுவினர் 2011இல் ஸ்கேன் செய்தார்கள். நெடுந்தீவுக் கோட்டைக்குத் தீ வரவேண்டியதில்லை. மழையும் உப்புக்காற்றும் வேரும் ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாகக் கழற்றிக்கொண்டிருக்கின்றன.

தீவுக்குப் போய் ஸ்கேன் எடுக்கிறவர்களுக்கு

குறிகட்டுவானிலிருந்து படகில் ஏறத்தாழ ஒரு மணித்தியாலம். சோளகக் காற்று பலமாக வீசும் மாதங்களைத் தவிருங்கள்; கடலும் கொந்தளிக்கும், கரையில் முக்காலியும் நடுங்கும். லேசருக்கு வெயில் பெரிய பொருட்டல்ல, கமராவுக்குப் பொருட்டு. நடுப்பகல் வெளிச்சத்தில் வெளிறிய முருகைக்கல் நிறமே இல்லாமல் வெள்ளையாகிவிடும்; நிறத்துக்குக் காலையோ மாலையோ நல்லது. பற்றரிகளைச் சார்ஜ் செய்துகொண்டு போங்கள். தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதியை முன்கூட்டியே எழுதிப் பெறுங்கள். ட்ரோனுக்கு சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதி வேறு.

வேலை முடிந்த பிறகு பெரும்பாலானோர் செய்யாமல் விடும் காரியம் ஒன்று இருக்கிறது. வெட்டாத, ஐதாக்காத மூல ஸ்கேனை இ57 ஆக ஏற்றுமதி செய்து, ஆள்கூற்று முறை, கழித்த எண்கள், ஸ்கேன் எடுத்த திகதி மூன்றையும் எழுதிய குறிப்போடு சேர்த்து வையுங்கள். இ57 கோப்பு துண்டு துண்டாகச் சரிபார்ப்பு எண்ணோடு எழுதப்படுவதால், வருடங்கள் கழித்து எங்காவது பழுதானாலும் கண்டுபிடிக்கலாம். அதன் ஒரு பிரதியைத் தொல்பொருள் திணைக்களத்துக்கும் இன்னொன்றை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்கும் கொடுங்கள். உங்கள் லப்டொப்பில் மட்டும் அது இருக்க விடாதீர்கள்.